ஆற்றலாளரைத் தேடிச் சென்ற ஜம்ஷெட்ஜி டாட்டா

கொழும்பில் தொழில் நிறுவனங்களை நடத்துவோரைச் சந்திக்கும்போதெல்லாம் அண்மைக் காலமாக நாம் தவறாது கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. வெற்றிடம் ஒன்றுக்கு விளம்பரம் செய்தால் விண்ணப்பங்கள் கட்டுக் கட்டாக வந்து குவிகின்றன. ஆனால், அவற்றுள் பொறுப்பை நம்பி ஒப்படைக்கத் தகுந்த ஒருவரைக் கண்டுபிடிப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது என்பதே அம்முறைப்பாடாகும். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது அந்த ஓராண்டில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொழில் தேடி நாட்டைவிட்டு வெளியேறினர். எஞ்சியிருப்போரிலும் திறமை மிக்கவர்கள் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே நேர்முகப் பரீட்சைக்கு வருகின்றார்கள் என்று தொழிலதிபர்கள் அங்கலாய்க்கின்றார்கள்.

இந்த அங்கலாய்ப்பிலிருந்து பத்திரிகைத்துறையும் விலகி நிற்கவில்லை. உதவி ஆசிரியர் பதவிக்கு விண்ணப்பங்களைக் கோரிவிட்டு, வந்த கடிதங்களைப் புரட்டிப் பார்த்து நாமும் பெருமூச்சு விட்டதுண்டு. ஆயினும், நல்லவர்கள் வரவில்லையே என்று வருந்தும் நாம், அவர்கள் வருவதற்குரிய இடமாக எமது பணிமனையை வைத்திருக்கின்றோமா என்று எம்மையே கேட்டுக்கொள்வது மிக அரிது. குளத்தில் நீரில்லாதபோது கொக்குகளைக் குறை கூறுவதில் பயனில்லை. இந்தக் கேள்வியை ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன்னரே தமக்குள் கேட்டு, அதற்குச் செயலால் விடை தந்த ஒருவரின் வாழ்க்கையை இன்று நினைவுகூர விழைகின்றோம்.

அவர் பெயர் ஜம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டா. அவருடைய குடும்பப் பெயரைத் தாங்கிய பஸ்களும் லொறிகளும் எமது வீதிகளில் நாள்தோறும் ஓடுகின்றன. காலிமுகத்திடலை நோக்கி நிற்கும் தாஜ் சமுத்திரா ஹோட்டல், அவர் பம்பாயில் தொடக்கி வைத்த ஹோட்டல் மரபின் வழிவந்தது. எனினும், அந்தப் பெயருக்குரிய மனிதர் யார், அவர் எதனால் வெற்றி பெற்றார் என்பது எம்மவரில் பலருக்குத் தெரியாது. பணம் படைத்த ஒருவர் மேலும் பணம் சேர்த்த கதையாகவே அது பெரும்பாலும் சொல்லப்படுகின்றது. உண்மையில், அது மனிதர்களைச் சேர்த்த கதையாகும்.

ஜம்ஷெட்ஜி 1839 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3 ஆம் திகதி குஜராத்தின் நவ்சாரி என்னும் சிற்றூரில் பிறந்தார். பாரசீகத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் இந்தியாவில் வந்து குடியேறிய, எண்ணிக்கையில் மிகச் சிறிய பார்சிச் சமூகத்தைச் சேர்ந்தவர் அவர். அவரது முன்னோர் பரம்பரை பரம்பரையாகச் சமயக் குருமாராக இருந்தவர்கள். அந்த வழியைவிட்டு விலகி வணிகத்தில் இறங்கிப் பம்பாய்க்குச் சென்ற முதல் மனிதர் அவரது தந்தையார் நசர்வான்ஜி ஆவார். மகனையும் அங்கே அழைத்துக்கொண்ட அவர், எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்த்தார். 1858 ஆம் ஆண்டு கல்லூரிப் படிப்பை முடித்து வெளியேறிய ஜம்ஷெட்ஜி, நூல்களின்மீது கொண்ட காதலை இறுதிவரை கைவிடவில்லை. கற்றவர்களை மதிக்கும் அவரது இயல்புக்கு வித்து இங்கேதான் இடப்பட்டது எனலாம்.

அடுத்த ஆண்டே தந்தையாரின் வணிக அலுவலாக அவர் ஹொங்கொங் சென்றார். அக்காலக் கீழைத்தேய வணிகத்தின் பெருஞ்சரக்குகள் பருத்தியும் அபினியுமே. பம்பாயின் பல பெருங்குடும்பங்களைப் போல டாட்டா குடும்பத்தின் வணிகத்திலும் அபினிக்கு இடமிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பின்னாளில் அறக்கொடைகளால் புகழ் பெற்ற ஒருவரின் முதலாவது பாடசாலை இத்தகைய சந்தையாக இருந்தது என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு அங்கிருந்து லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி செல்வது தடைப்பட்டபோது, இந்தியப் பருத்திக்குப் பொன் விலை கிடைத்தது. பம்பாயில் புதுப் பணக்காரர்கள் ஒரே இரவில் தோன்றினர். 1865 இல் அப்போர் முடிந்ததும் பருத்தி விலை சரிந்தது. அதனோடு பம்பாயின் செல்வமும் சரிந்தது. அப்போது இலண்டனில் இருந்த ஜம்ஷெட்ஜியின் கையில் இருந்த பத்திரங்கள் வெற்றுக் கடதாசிகளாயின. கடன் கொடுத்தோரை அவர் ஒளிந்து மறைந்து தவிர்க்கவில்லை. நேரில் சென்று நிலைமையை உள்ளது உள்ளபடி எடுத்துரைத்தார். அந்த நேர்மையைக் கண்ட கடன்காரர்கள், நொடித்துப்போன கம்பனியின் கணக்குகளைத் தீர்த்து வைக்கும் பொறுப்பை மாதச் சம்பளத்துடன் அவரிடமே ஒப்படைத்தனர். இருபத்தாறு வயதில் அவர் கற்ற இப்பாடம், பணம் போனாலும் நம்பிக்கை போகாதவரை மனிதர்கள் உடன் வருவார்கள் என்பதாகும்.

1868 ஆம் ஆண்டு 21,000 ரூபா மூலதனத்துடன் அவர் சொந்த வணிக நிறுவனத்தை ஆரம்பித்தார். பிரித்தானியப் படை அபிசீனியாவுக்குச் சென்றபோது அதற்குப் பொருட்கள் வழங்கும் ஒப்பந்தத்தில் குடும்பத்துக்குக் கிடைத்த பங்கு கைகொடுத்தது. அடுத்த ஆண்டு பம்பாயின் சிஞ்ச்போக்லியில் நட்டத்தில் மூடிக்கிடந்த எண்ணெய் ஆலையொன்றை வாங்கிப் பஞ்சாலையாக மாற்றி, இரண்டு ஆண்டுகளில் இலாபத்துக்கு விற்றார். பின்னர் இங்கிலாந்துக்குச் சென்று லங்காஷயரின் ஆலைத்தொழிலை அருகிருந்து ஆராய்ந்தார். இந்தியாவின் பருத்தியைக் கப்பலேற்றி அங்கே அனுப்பி, நெய்த துணியை மீண்டும் கப்பலில் வாங்கும் விந்தைக்கு முடிவு கட்டவேண்டும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

ஆலை அமைப்பதற்கு எல்லோரும் பம்பாயைத் தேடிச் சென்ற காலம் அது. ஜம்ஷெட்ஜியோ பருத்தி விளையும் நிலத்துக்கும் நிலக்கரிக்கும் சந்தைக்கும் அண்மையில் இருந்த நாக்பூரைத் தெரிவுசெய்தார். 1874 ஆம் ஆண்டு 15 இலட்சம் ரூபா மூலதனத்துடன் கம்பனியை நிறுவி, சதுப்பு நிலம் ஒன்றை வாங்கி மண்ணிட்டு நிரப்பினார். பொன்னைக் கொண்டுவந்து சேற்றில் புதைக்கும் இந்த மனிதருக்குக் கடன் தரமாட்டேன் என்று உள்ளூர் மார்வாரி வட்டிக்கடைக்காரர் ஒருவர் கைவிரித்துவிட்டாராம். அவரே பின்னாளில், டாட்டா புதைத்தது மண், எடுத்ததுதான் பொன் என்று ஒப்புக்கொண்டதாகக் கூறுவர். விக்டோரியா மகாராணி இந்தியாவின் பேரரசியாகப் பிரகடனப்படுத்தப்பட்ட 1877 ஜனவரி 1 ஆம் திகதியன்று திறக்கப்பட்டதால் அந்த ஆலை எம்ப்ரஸ் ஆலை எனப் பெயர் பெற்றது.

இங்கேதான் எமது விடயம் தொடங்குகின்றது. புதிய ஆலைக்கு முகாமையாளராக யாரை நியமிப்பது என்ற கேள்வி எழுந்தபோது, பஞ்சாலை அனுபவம் உள்ளவரையே எவரும் தேடியிருப்பர். இன்றைய விளம்பரங்களிலும் குறித்த துறையில் ஐந்தாண்டு அனுபவம் என்ற வாசகம் தவறாமல் இடம்பெறுகின்றது அல்லவா? ஜம்ஷெட்ஜி தெரிவுசெய்த பெசன்ஜி தாதாபாய் மேத்தாவோ புகையிரதக் கம்பனியொன்றின் சரக்குப் பிரிவில் அதிகாரியாக இருந்தவர். நூல் நூற்பதைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால், மனிதர்களை நடத்தவும் ஒழுங்கை நிலைநாட்டவும் தெரியும். தொழில்நுட்பத்துக்கு ஜேம்ஸ் புரூக்ஸ்பி என்ற ஆங்கிலேய நிபுணரைத் துணையாக வைத்துவிட்டு, நிருவாகத்தை மேத்தாவின் கையில் கொடுத்தார். தொழிலைக் கற்றுக்கொள்ளலாம், குணத்தை எளிதில் கற்பிக்க முடியாது என்பது அவர் கணக்கு. அக்கணக்குப் பிழைக்கவில்லை. மேத்தா பின்னாளில் சேர் பட்டம் பெறுமளவுக்கு உயர்ந்தார்.

தெரிவுசெய்ததோடு அவர் நின்றுவிடவில்லை. நூற்பில் வளையக் கதிர் என்னும் புதிய முறை அப்போது அறிமுகமாகியிருந்தது. இங்கிலாந்தின் ஆலை முதலாளிகளே அதனைச் சந்தேகக் கண்ணுடன் நோக்கிக்கொண்டிருந்த வேளையில், எம்ப்ரஸ் ஆலை அதனைப் பரீட்சித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டது. புதியதை முயன்று பார்க்க இடங்கொடுக்கும் நிறுவனத்தை நோக்கியே புத்திக்கூர்மை உள்ளவர்கள் வருவார்கள். சொன்னதைச் செய்துவிட்டுப் போகும்படி கட்டளையிடும் இடத்தில், சொன்னதை மட்டுமே செய்யத் தெரிந்தவர்கள்தான் எஞ்சுவார்கள்.

அடுத்த சோதனை தொழிலாளர் வடிவில் வந்தது. நாக்பூரின் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த மக்களுக்கு ஆலைச் சங்கின் ஒலிக்குக் கட்டுப்பட்டு வாழும் பழக்கம் இருக்கவில்லை. அறுவடை என்றும் திருவிழா என்றும் திருமணம் என்றும் அவர்கள் வராதிருந்தனர். கையில் நான்கு காசு சேர்ந்ததும் ஊருக்குப் புறப்பட்டனர். தண்டம் அறவிடுவதும் வேலையைவிட்டு நிறுத்துவதுமே ஏனைய ஆலைகள் கண்டிருந்த மருந்து. ஜம்ஷெட்ஜி நோயை வேறுவிதமாக நோக்கினார். தொழிலாளி ஏன் வருவதில்லை என்று கேட்பதைவிட, அவன் நாளைக்கும் வருவதற்கு நாம் என்ன காரணத்தைக் கொடுத்திருக்கின்றோம் என்று அவர் கேட்டார்.

காற்றில் ஈரப்பதனைப் பேணும் பொறிகளும் தீயை அணைக்கும் தானியங்கி நீர்த்தெளிப்பான்களும் ஆலையில் பொருத்தப்பட்டன. இந்திய ஆலைகளில் இவை முதன்முதலாக நிறுவப்பட்டது அங்கேயே என்பர். 1886 ஆம் ஆண்டு ஓய்வூதிய நிதியொன்று ஆரம்பிக்கப்பட்டது. 1895 முதல் வேலையின்போது விபத்துக்குள்ளாகும் தொழிலாளருக்கு நட்டஈடு வழங்கப்பட்டது. தவறாது வேலைக்கு வந்தோருக்கும் திறமை காட்டியோருக்கும் ஆண்டுதோறும் குடும்பத்தினர் முன்னிலையில் பரிசுகள் வழங்கப்பட்டன. கைக்கடிகாரம் அரிதாக இருந்த அக்காலத்தில், சட்டைப்பைக் கடிகாரமும் சங்கிலியும் பரிசாகப் பெற்ற தொழிலாளி தன் ஊருக்குத் திரும்பிச் சென்றபோது, அந்த ஆலையின் விளம்பரப் பலகையாக அவனே மாறிப்போயிருப்பான் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இத்திகதிகளின் பொருளை நாம் சற்று நிதானித்து நோக்கவேண்டும். பிரித்தானியாவில் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இயற்றப்பட்டது 1897 இல். இந்தியாவில் அத்தகைய சட்டம் 1923 இல் வந்தது. இலங்கையில் அது 1934 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமாக வந்தது. எமது ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 ஆம் ஆண்டுக்குரியது. சட்டம் கட்டாயப்படுத்துவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, தனியார் முதலாளி ஒருவர் தமது சுயவிருப்பில் இவற்றைச் செய்திருக்கின்றார். இன்றும் எமது நாட்டில் சேமலாப நிதிக்குச் செலுத்த வேண்டிய பங்கைச் சட்டம் இருந்தும் செலுத்தாமல் காலங்கடத்தும் முதலாளிமார் இருக்கின்றார்கள். நல்ல ஊழியர்கள் கிடைப்பதில்லை என்ற குரல் அத்தகையோரிடமிருந்து எழும்போது, அதனை அனுதாபத்துடன் செவிமடுக்க எம்மால் இயலவில்லை.

படித்த இளைஞரின் விடயத்திலும் ஜம்ஷெட்ஜி புதிய பாதையொன்றை வெட்டினார். அக்காலப் பட்டதாரிகளின் கனவெல்லாம் அரசாங்க உத்தியோகம். அது கிட்டாவிடின் சட்டத்தொழில். எண்ணெய்க்கறை படியும் ஆலைக்குள் நுழைவதைக் கௌரவக் குறைவாக அவர்கள் கருதினர். இம்மனப்பாங்கைத் திட்டித் தீர்ப்பதில் அவர் நேரத்தைச் செலவிடவில்லை. படித்த இளைஞரைப் பயிலுநர்களாகச் சேர்த்து, கற்கும் காலத்திலும் ஊதியம் கொடுத்து, பயிற்சி முடிந்தபின் பொறுப்பான பதவிகளில் அமர்த்தும் திட்டத்தை எம்ப்ரஸ் ஆலையில் நடைமுறைப்படுத்தினார். ஆயத்தமான மனிதர்களைச் சந்தையில் தேடுவதற்குப் பதிலாக, மனிதர்களை ஆயத்தம் செய்யும் இடமாக ஆலையை மாற்றினார்.

அந்த முதலீட்டின் பலன் 1886 ஆம் ஆண்டின் பின்னர் தெரிந்தது. பம்பாய்க்கு அண்மையில் குர்லாவில் நொடித்துப்போயிருந்த ஆலையொன்றை வாங்கி, சுதேசி ஆலை எனப் பெயரிட்டார். அது அவரது வாழ்வின் மிகக் கடினமான முயற்சியாகியது. இயந்திரங்கள் பழுதானவை, பங்குகளின் விலை வீழ்ந்தது, டாட்டாவின் நட்சத்திரம் மங்கிவிட்டது என்று சந்தையில் பேசிக்கொண்டனர். குடும்பத்துக்கென ஒதுக்கி வைத்திருந்த சொத்தை மீளப்பெற்று, அதனைப் பிணையாக்கிக் கடன் திரட்டவும் அவர் தயங்கவில்லை. அந்த வேளையில் ஆலையைத் தூக்கி நிறுத்த அவர் அழைத்தது நாக்பூரில் தாம் வளர்த்தெடுத்த திறமைசாலிகளையே. மூழ்கும் கப்பலைக் காப்பாற்ற வெளியிலிருந்து ஆள் தேடவேண்டிய நிலை அவருக்கு ஏற்படவில்லை.

வயது ஐம்பதைத் தாண்டியபோது அவரது பார்வை ஆலையின் மதில்களையும் தாண்டி விரிந்தது. 1892 ஆம் ஆண்டு, திறமை மிக்க மாணவர்கள் வெளிநாடு சென்று உயர்கல்வி கற்பதற்காக நிதியம் ஒன்றை நிறுவினார். தொடக்கத்தில் பார்சிச் சமூகத்தினருக்கென இருந்த அந்நிதியம், விரைவிலேயே இந்தியாவின் எல்லாச் சமூகத்தினருக்கும் திறந்துவிடப்பட்டது. ஆரம்ப காலத்தில் இதன்மூலம் பயன்பெற்றோருள் பெண் வைத்தியர்களும் இருந்தனர். இது தானமாக அன்றி, வசதி வந்தபின் திருப்பிச் செலுத்தும் கடனாகவே வழங்கப்பட்டது. திருப்பிச் செலுத்திய பணம் அடுத்த மாணவனுக்குச் சென்றது. பெற்றவனின் தன்மானமும் காக்கப்பட்டது. கேரளத்தின் வறிய தலித் குடும்பமொன்றில் பிறந்த கே. ஆர். நாராயணன் இலண்டன் சென்று கற்றது இந்த நிதியத்தின் உதவியினாலேயே. அவர் 1997 இல் இந்தியாவின் ஜனாதிபதியானார்.

இங்கே கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. இம்மாணவர்கள் டாட்டா கம்பனியில் வேலை செய்யவேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இருக்கவில்லை. தமது நாட்டில் திறமையாளர் தொகை பெருகினால், அதன் ஒரு பங்கு தமது வாசலுக்கும் வந்துசேரும் என்று அவர் நம்பினார். தன் வயலுக்கு மட்டும் மழை பெய்யவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் விவசாயி எங்கும் இல்லை. ஆனால், பிறருடைய பயிற்சியில் வளர்ந்தவர்களைக் கூடுதல் சம்பளம் காட்டிக் கவர்ந்துகொள்வதையே ஆளணிக் கொள்கையாகக் கொண்ட நிறுவனங்கள் எம்மத்தியில் நிறைய உண்டு.

1898 ஆம் ஆண்டு விஞ்ஞான ஆய்வுக்கான உயர்கல்வி நிறுவனமொன்றை அமைப்பதற்காக, 30 இலட்சம் ரூபா பெறுமதியான தமது சொத்துக்களை வழங்க முன்வந்தார். அது அவரது செல்வத்தின் ஏறத்தாழ அரைப்பங்கு எனக் கணிக்கப்படுகின்றது. தமது நண்பர் பர்ஜோர்ஜி பாட்ஷாவை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பி அங்குள்ள பல்கலைக்கழகங்களை ஆராயச் செய்தார். அவ்வாண்டின் இறுதி நாளில், இந்தியாவுக்கு அப்போதுதான் வந்திறங்கியிருந்த வைஸ்ரோய் கர்சன் பிரபுவிடம் திட்டம் சமர்ப்பிக்கப்பட்டது. கர்சனுக்கு இரண்டு சந்தேகங்கள். அத்தகைய கல்விக்குத் தகுதியான மாணவர்கள் இந்தியாவில் கிடைப்பார்களா? கிடைத்தாலும் கற்று முடித்தோருக்கு வேலை எங்கே இருக்கின்றது?

கர்சனின் கேள்வி எமது நாட்டுப் பட்டதாரிகளுக்குப் புதியதன்று. வேலை கோரி வீதியில் நின்ற பட்டதாரிகளைப் பார்த்து, நீங்கள் ஏன் இதனைக் கற்றீர்கள் என்று கேட்டோர் பலர். ஜம்ஷெட்ஜி அக்கேள்விக்கு அளித்த விடை, கல்வியைக் குறைப்பதன்று. கற்றவர்களுக்கு வேலை தரும் தொழில்களை உருவாக்குவது. இரும்பும் நீர்மின்சாரமும் விஞ்ஞான நிறுவனமும் அவரது மனதில் தனித்தனித் திட்டங்களாக இருக்கவில்லை. ஒன்று மனிதர்களைத் தரும். மற்றவை அம்மனிதர்களுக்கு இடந்தரும்.

உருக்காலைக் கனவு அவரை 1880 களிலிருந்தே தொடர்ந்து வந்தது. 1902 ஆம் ஆண்டு, உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும் அறுபத்து மூன்று வயதில் அமெரிக்கா சென்றார். பிட்ஸ்பேர்க்கில் ஜூலியன் கென்னடி என்ற பொறியியலாளரைச் சந்தித்தபோது, இதற்கேற்ற நிபுணர் நியூயோர்க்கில் உள்ள சார்ள்ஸ் பேஜ் பெரின் என்று அவர் வழிகாட்டினார். ஜம்ஷெட்ஜி கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கவில்லை. முன்னறிவித்தல் எதுவுமின்றிப் பெரினின் அலுவலகத்துக்குள் நுழைந்தார். வேற்றுநாட்டு உடையில் வந்து நின்ற அந்த முதியவர், தம்முடன் இந்தியாவுக்கு வந்து இரும்புத் தாதுவையும் நிலக்கரியையும் தேடித் தருவீர்களா என்று கேட்டார். வியப்பில் சில கணம் பேச்சற்றுப்போன பெரின், அந்த முகத்தில் தெரிந்த உறுதியையும் கனிவையும் கண்டு சம்மதம் தெரிவித்ததாகப் பின்னர் நினைவுகூர்ந்தார். உலகின் சிறந்த நிபுணர் ஒருவரை ஈர்ப்பதற்கு விளம்பரமோ இடைத்தரகரோ தேவைப்படவில்லை. முதலாளி தாமே படியேறிச் சென்றதுதான் தேவைப்பட்டது.

அதே ஆண்டில் அவர் தம் மகன் டோராப்ஜிக்கு வெளிநாட்டிலிருந்து எழுதிய கடிதம் ஒன்று வரலாற்றுப் புகழ் பெற்றது. உருக்காலை எங்கே அமையும் என்பதே அப்போது தெரியாது. ஆயினும், தொழிலாளர் வாழப்போகும் நகரின் வீதிகள் அகலமாக இருக்கவேண்டும், விரைந்து வளரும் நிழல்தரு மரங்களை நாட்டவேண்டும், புற்றரைகளுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் தாராளமாக இடம் விடவேண்டும் என்று அதில் அறிவுறுத்தியிருந்தார். இந்துக்களின் கோயில்களுக்கும் முஸ்லிம்களின் பள்ளிவாசல்களுக்கும் கிறிஸ்தவர்களின் தேவாலயங்களுக்கும் நிலம் ஒதுக்கவேண்டும் என்பதையும் அவர் மறக்கவில்லை. தமது சமூகத்தவர் அந்த ஊரில் மிகச் சிலராகவே இருப்பர் என்பதை அறிந்திருந்த ஒருவர் எழுதிய வரிகள் அவை. வேலைக்கு வருபவன் தன் வழிபாட்டையும் குடும்பத்தையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1903 டிசம்பரில் பம்பாயில் தாஜ் மஹால் ஹோட்டல் திறக்கப்பட்டது. அவர் உயிருடன் கண்ட பெருந்திட்டம் அது ஒன்றே. அடுத்த ஆண்டு மே மாதம் 19 ஆம் திகதி ஜேர்மனியின் பாட் நௌஹைம் நகரில் அவர் காலமானார். இங்கிலாந்தின் புரூக்வூட் மயானத்தில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. உருக்காலைக்கு அப்போது அத்திவாரமும் இடப்பட்டிருக்கவில்லை. விஞ்ஞான நிறுவனத்துக்கு அரசின் இறுதி அங்கீகாரமும் கிடைத்திருக்கவில்லை.

தலைவன் மறைந்ததும் கலைந்துபோகும் கூட்டத்தை அவர் சேர்த்திருக்கவில்லை என்பது அதன்பின்னரே புலப்பட்டது. டோராப்ஜியும் பாட்ஷாவும் பெரினும் பணியைத் தொடர்ந்தனர். 1907 இல் உருக்குக் கம்பனி பதிவு செய்யப்பட்டு, இந்திய மக்களிடமிருந்தே மூலதனம் திரட்டப்பட்டது. 1912 இல் சாக்சியில் முதலாவது உருக்கு வார்க்கப்பட்டது. அவ்வாண்டிலேயே எட்டு மணி நேர வேலை அங்கு நடைமுறைக்கு வந்தது. 1919 இல் அந்நகர் ஜம்ஷெட்பூர் எனப் பெயர் சூட்டப்பட்டது. மைசூர் அரசு வழங்கிய நிலத்தில் 1909 இல் பெங்களூரில் இந்திய விஞ்ஞான நிறுவனம் உருவானது. 1933 இல் அதன் முதலாவது இந்தியப் பணிப்பாளராகத் தமிழரான சேர் சி. வி. இராமன் பொறுப்பேற்றார். தகுதியானவர்கள் கிடைப்பார்களா என்ற கர்சனின் சந்தேகத்துக்கு வேறு விடை தேவையில்லை.

எனினும், ஜம்ஷெட்ஜியைப் புனிதராக்குவது எமது நோக்கமன்று. எம்ப்ரஸ் ஆலையின் வேலைநேரம் இன்றைய அளவுகோலால் நோக்கின் கொடியது. அக்கால ஆலைகள் சிறுவரின் உழைப்பையும் பயன்படுத்தின. உருக்காலைக்காகத் தம் நிலத்தை இழந்த ஆதிவாசிகளின் துயரம் நிழல்தரு மரங்களால் மறைந்துவிடவில்லை. ஆரம்ப காலத்தில் அங்கு உயர் பதவிகளை வெளிநாட்டவரே வகித்தனர். 1920, 1922, 1928 ஆம் ஆண்டுகளில் ஜம்ஷெட்பூரில் பெரும் வேலைநிறுத்தங்கள் வெடித்தன. பேராசிரியர் அப்துல் பாரி போன்ற தொழிற்சங்கத் தலைவர்களின் போராட்டமின்றி அங்குள்ள தொழிலாளர் தமது உரிமைகளைப் பெற்றிருக்க மாட்டார்கள். முதலாளியின் நல்லெண்ணம் தொழிலாளியின் உரிமைக்கு மாற்றீடாகாது என்பதையும் அதே நகரின் வரலாறு கற்பிக்கின்றது.

இவ்வளவையும் கூட்டிக் கழித்துப் பார்த்த பின்னரும் எஞ்சி நிற்பது ஒன்றுண்டு. நல்ல மனிதர்கள் ஒரு நிறுவனத்தை நாடி வருவது, அந்நிறுவனம் தன்னைப் பற்றி வெளியே என்ன சொல்கின்றது என்பதைக் கேட்டன்று. உள்ளே இருப்பவர்கள் தமது வீட்டில் அதனைப் பற்றி என்ன பேசுகின்றார்கள் என்பதைக் கேட்டுத்தான். நாக்பூரின் நெசவாளி தன் ஊரில் சொன்ன சொல்லுக்கு நிகரான விளம்பரத்தை எந்தப் பத்திரிகையும் வெளியிட முடியாது. விளம்பரங்களை வெளியிட்டு வாழும் தொழிலில் இருந்துகொண்டே நாம் இதனைக் கூறுகின்றோம்.

எமது நாட்டில் இன்னொரு தடையும் உண்டு. பெயரைப் பார்த்தே விண்ணப்பத்தை ஒதுக்கி வைக்கும் வழக்கம், இன்னாரின் கடிதத்தோடு வருபவனுக்கே கதவு திறக்கும் வழக்கம், ஒரே ஊரவரையும் உறவினரையும் கொண்டு நாற்காலிகளை நிரப்பும் வழக்கம் என்பன இனபேதமின்றி எல்லாத் தரப்பிலும் நிலவுகின்றன. தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் இதனால் அடைந்த காயங்களை நாம் அறிவோம். அதேபோல், தமிழ், முஸ்லிம் வர்த்தகர்களின் நிறுவனங்களிலும் அயலவனின் பிள்ளைக்கு இடமிருக்கின்றதா என்ற கேள்வியை நாம் தவிர்க்க முடியாது. தம் சமூகத்துக்கென ஆரம்பித்த நிதியத்தைச் சில ஆண்டுகளிலேயே எல்லோருக்கும் திறந்துவிட்ட அந்தப் பார்சி வணிகர், அதனால் எதையும் இழந்துவிடவில்லை. நாராயணன்களைப் பெற்றுக்கொண்டார்.

கடவுச்சீட்டு அலுவலகத்தின் முன்னால் விடியற்காலையில் வரிசையில் நிற்கும் இளைஞனை நாட்டுப்பற்று அற்றவன் என்று ஏசுவது எளிது. அவனை இங்கே வைத்திருப்பதற்கு எமது நிறுவனங்கள் அவனுக்கு என்ன காரணத்தைக் கொடுத்திருக்கின்றன என்று கேட்பதே கடினமானது. விண்ணப்பங்களின் தரத்தைப் பற்றி முறையிடும் தொழிலதிபர்கள், அடுத்த விளம்பரத்தை எழுதுவதற்கு முன்னர், தமது பணிமனையில் பத்தாண்டுகளாக வேலை செய்யும் ஓர் ஊழியரை அழைத்து, தம் மகனை இங்கே வேலைக்கு அனுப்புவாரா என்று கேட்டுப் பார்க்கட்டும். அவர் விடை சொல்லத் தயங்குவாராயின், குறை விண்ணப்பங்களில் இல்லை. நாமும் எமது பணிமனையில் அக்கேள்வியைக் கேட்கவே எண்ணியிருக்கின்றோம்.